‘ஹோல்’ எங்கே தொடங்குகிறது?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் 19 வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். ஆய்வு கிராஃப் தியரியில், அதாவது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதத்தில். கட்டுரைகள் வந்திருக்கின்றன, என்னிடம் நாலு பேர் பிஎச்.டி. முடித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாண்டு பி.எஸ்சி.யில் பார்வையற்ற மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். வரலாறு எடு, தமிழ் எடு என்று எல்லாரும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். நானும் மனசுக்குள் அதைத்தான் நினைத்தேன். முதல் வாரம் வழக்கம்போல் போர்டைப் பார்த்தபடி, “இதையும் இதையும் பெருக்கினா இது அடிபட்டுப் போயிரும்” என்று நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் அவர் வந்து, “சார், அந்த ‘இது’ எதுன்னு மட்டும் கொஞ்சம் சொல்லிருங்க, போதும்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

அதற்குப் பிறகுதான் சமன்பாடுகளை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற ஒரு நிரலை எழுத ஆரம்பித்தேன். நிரல் எழுதுவது எனக்குப் புதிது. நாற்பத்தைந்து வயதில் மாணவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓரளவு படிக்கிறது. அவர் பயன்படுத்துகிறார், நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. துறையில் எனக்கு ‘ஆப் வாத்தியார்’ என்று பெயர். எனக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த மூத்த பேராசிரியர் ஒருவர், “கணக்கை விட்டுட்டு கம்பவுண்டர் வேலைக்குப் போயிட்டியேப்பா” என்றார். அது மனதில் தைத்துவிட்டது.

வேலையை விட்டுவிட்டு ஒரு அமைப்புத் தொடங்கி, பார்வையற்றோருக்கு மட்டுமில்லாமல் விவசாயம், மருத்துவம் என்று சமூகத்துக்குப் பயன்படும் மென்பொருள்களை முழுநேரமும் செய்யலாமா என்று யோசிக்கிறேன். நான் கணிதத்தை விட்டுவிட்டேனா? அமைப்புத் தொடங்குவது சரியா? வீட்டில் கேட்டால், “உங்களுக்குச் சரின்னு பட்டா சரி” என்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

(பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன்.)

*

அன்புள்ள தம்பி,

பதில் தாமதமாகிவிட்டது. உங்கள் மாணவரைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன். போன வாரம் பார்த்தாகிவிட்டது. அவரைப் பற்றி எழுதுவதற்கு அவரிடமே அனுமதியும் வாங்கிவிட்டேன்.

முதலில் அந்தக் கம்பவுண்டர் விஷயம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மீதி ஐந்து நாளும் ஊரைக் காப்பாற்றியவர் கம்பவுண்டர்தான். ஆகவே அந்த வார்த்தையை வசவாக எடுத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. ஆனால் கணக்கை விட்டுவிட்டீர்களா என்பது நியாயமான கேள்வி. நான் கணித ஆசிரியன் இல்லை என்றாலும் எனக்குத் தெரிந்த வழியில் ஒரு சோதனை செய்து பார்த்தேன்.

வீரவநல்லூரில் என் அக்கா பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போனில் கூப்பிட்டு, நான் சொல்வதை அப்படியே எழுது என்றேன். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் ராகம் போட்டு மனப்பாடம் செய்ததுதான்: “மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏ சி பை டூ ஏ.” எழுதி வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். மூலக்குறியின் கூரை பி ஸ்கொயருக்கு மேலேயே முடிந்துவிட்டது. டூ ஏ என்பது ஃபோர் ஏ சிக்கு மட்டும் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அவள் மேல் தப்பே இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாள். அடுத்து அதையே அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் பி.காம். சரியாக எழுதினார். எப்படி? நான் சொன்னதை அவர் கேட்கவே இல்லை. பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகத்தில் இருந்தது, அதை எழுதிவிட்டார்.

கணித வகுப்பில் வாயால் சொல்வது ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் புரிகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாதவன்தானே படிக்க வந்திருக்கிறான்? கண் தெரிகிற பிள்ளைகள் போர்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறார்கள். ஆகவே வாத்தியார் வாய் என்ன சொல்கிறது என்று யாரும் கவனித்ததே இல்லை.

நம் வகுப்பறைகளில் இதற்கென்று ஒரு நாட்டுவைத்தியம் உண்டு. ‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்.’ அடைப்புக்குறிக்குப் பதிலாக ஹோல், அதாவது ‘முழுவதும்’. உங்கள் மாணவர் என்னிடம் கேட்டது இது: “ஹோல் எங்க முடியுதுன்னு தெரியுது சார். எங்க தொடங்குதுன்னு யாரு சொல்லுவா?” ஏ பிளஸ் பி என்றால் சரி. அதற்கு முன்னால் சி பெருக்கல் என்று ஒன்று இருந்தால்? சியும் ஹோலுக்கு உள்ளேயா, வெளியேயா? மூடுகிற கதவு மட்டும் இருக்கிறது, திறக்கிற கதவு இல்லை.

இந்தக் கேள்வியைக் கணிதம் இல்லை என்று உங்கள் பேராசிரியர் சொல்வாரா? அதிலும் நீங்கள் கிராஃப் தியரிக்காரர். நம் பக்கத்துக் கணிதத் துறைகளில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கிராஃப் தியரிக்காரர் மேல்தான் விழும் என்பார்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு சமன்பாடு என்பது நீங்கள் தினமும் நடத்துகிற மரம்தானே? உச்சியில் வகுத்தல். அதற்குக் கீழே இரண்டு கிளை. ஒரு கிளையில் டூ ஏ. இன்னொரு கிளையில் கூட்டல் கழித்தல், அதற்குக் கீழே மூலம், அதற்குக் கீழே இன்னொரு கழித்தல். அச்சடித்த பக்கம் இந்த மரத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. பேச்சு அதை ஒரே கோடாக இழுத்துவிடுகிறது. அந்தக் கோட்டிலிருந்து மரத்தை மறுபடி எழுப்ப முடியுமா, எத்தனை விதமாக எழும்பும் என்பதுதான் உங்கள் நிரலின் பாடு முழுவதும். நீங்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை, கொல்லைப்புறத்துக்குப் போயிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் தமிழ் பேச விடுங்கள், என் தொழில் அது. தமிழில் வினை கடைசியில் வரும். ‘ஐந்தோடு மூன்றைக் கூட்டு’ என்கிறோம். எண்கள் முதலில், செய்கை பிறகு. ‘எக்ஸோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகு’ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ‘ஒன்றை இரண்டால் வகுத்து எக்ஸோடு கூட்டு’ என்றாலும் ஒரே அர்த்தம்தான், அது வேறு கணக்கு. ‘எக்ஸ் பிளஸ் ஒன் பை டூ’ என்று சொல்லும்போதுதான் இரண்டும் குழம்புகின்றன. கூட்டி, பெருக்கி, கழித்து, வகுத்து என்று போகும் நம் வினையெச்சங்கள் அடைப்புக்குறியின் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. போலந்துத் தர்க்கவியலாளர் லூகாசியேவிச் 1920களில், குறியை எண்களுக்கு முன்னால் வைத்தால் அடைப்புக்குறியே தேவையில்லை என்று காட்டினார். பின்னால் அதைத் திருப்பிப் போட்டு, எண்கள் முதலில், குறி கடைசியில் என்று கணிப்பொறிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் வந்த எச்பி-35 என்ற சட்டைப்பைக் கால்குலேட்டர் அப்படித்தான் வேலை செய்தது. அது நம் வீட்டுத் திண்ணையில் பேசுகிற வரிசை.

கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்புக்கு ஒரு வரி சொல்வார்கள்: ‘வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி.’ சுற்றளவில் பாதியை எடுத்துக்கொள், விட்டத்தில் பாதியால் பெருக்கு, பரப்பு வந்துவிடும். கையில் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்த பிறகுதான் ‘தாக்க’ வருகிறது. காதால் கேட்டுப் படிப்பதற்கென்றே கட்டப்பட்ட கணிதம் இது. கண்ணால் பார்த்து எழுதுகிற கணிதம் வந்த பிறகு அந்தப் பழக்கம் நமக்கு விட்டுப்போயிற்று.

பேத்தியை மறுபடி கூப்பிட்டேன். “பியை பியால் பெருக்கி, அதில் நாலு ஏ சியைக் கழித்து, வந்ததுக்கு வர்க்கமூலம் எடுத்து, மைனஸ் பியோட ஒரு தடவை அதைக் கூட்டி, ஒரு தடவை கழித்து, வந்ததை எல்லாம் ரெண்டு ஏயால வகு.” சரியாக எழுதிவிட்டாள். “தாத்தா, இது முதல்லயே சொல்லிருக்கலாம்ல?” என்றாள்.

இதோடு நான் வெற்றிக்கொடி நாட்டியிருந்தால் இந்தப் பதில் ஒரு மாதம் முன்பே வந்திருக்கும். உங்கள் மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நல்லாருக்கு சார். ஆனா நீங்க எனக்குச் செய்யச் சொல்லிக் கொடுக்கீங்க. எனக்குப் பாக்கணும்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். கூட்டி வகு என்பது கட்டளை. சமன்பாடு கட்டளை மட்டுமில்லை, அது ஒரு பொருள். மேலேயும் கீழேயும் ஒரே உறுப்பு இருப்பதைக் கண்டு அடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே வடிவம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு வினையெச்சம் போதாது. அப்புறம், நீளமான ஒன்றைச் சொன்னால் முதலில் எடுத்தவற்றை எல்லாம் கடைசி வினை வரும்வரை மனதில் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. நாலாவது முடியாது.

அவரைச் சந்தித்தது உங்கள் கல்லூரி வேப்பமரத்தடியில். ஒரு துண்டில் சுற்றி டெய்லர் பலகை கொண்டுவந்திருந்தார். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: வரிசை வரிசையாக எட்டு மூலைத் துளைகள் போட்ட பலகை. அதில் செருகச் சின்னச் சின்ன உலோக அச்சுகள். அச்சின் ஒரு முனையில் ஒரு மேடு, மறுமுனையில் இரண்டு கூர். எந்தத் திசை பார்த்துச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். எட்டுத் திசை, இரண்டு முனை, ஆகப் பதினாறு குறி. ஒரு மூன்றிலக்கப் பெருக்கலை அவர் செய்து காட்டினார். வலது கை அச்சைச் செருகிக்கொண்டே போக, இடது கையின் ஆள்காட்டி விரல் முந்தின வரியில் இருந்துகொண்டே இருந்தது. அந்த விரல் அங்கே எதற்கு என்று கேட்டேன். “திரும்பிப் பாக்கதுக்கு” என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன். மூன்றாவது அச்சிலேயே எனக்குத் திசை தவறிவிட்டது.

எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது. முக்கூடலில் பிறந்தவள், கல்யாணமாகி வந்தும் பீடி சுற்றியவள். எழுத்து வாசிக்கத் தெரியாது. கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு. கரண்டு போன ராத்திரியில் ஒரு கட்டைக் கையில் எடுத்ததுமே, “இதுல ஒண்ணு குறையுது” என்பாள். எண்ணிப் பார்த்தால் 24 இருக்கும். கணக்குக் கண்ணில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஆச்சியைப் பார்க்காதவர்கள்.

பாளையங்கோட்டைக்கும் இது புதிதில்லை. ஆஸ்க்வித் அம்மையார் இங்கே பார்வையற்றோர் பள்ளி தொடங்கியது 1890இல். நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாகப் பிரெயில் புள்ளிகளைத் தடவிப் படித்த பிள்ளைகள் உள்ள ஊர். ஆனால் பிரெயிலில் கணிதம் எழுதுவது தனிப் பாடு. ஆறு புள்ளியில் மொத்தமே 63 வடிவம்தான். எழுத்துகளுக்கே அது பத்தும் பத்தாது. இதைச் சீர்படுத்தியவர் ஏப்ரகாம் நெமத் என்ற அமெரிக்கர். 1918இல் பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லை. கணிதம் உனக்கு ஒத்துவராது என்று சொல்லி அவரையும் உளவியல் பக்கம் தள்ளிவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. எப்படியும் வேலை இல்லை, அப்படி இருக்கும்போது வேலையில்லாத உளவியல்காரராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதக்காரராக இருக்கலாமே என்று அவர் மனைவி கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. உங்கள் வீட்டில் சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்த அம்மாள் நினைவுதான் வந்தது. நெமத் தனக்குப் படிக்கத் தேவைப்பட்டது என்பதற்காகத்தான் அந்தக் குறியீட்டை உருவாக்கினார். அது 1952இல் வெளிவந்தது. 1955 முதல் முப்பது வருடம் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்தினார். கணிதத்தை வாயால் சொல்வதற்கு அவரே ஒரு முறையும் வகுத்தார். பின்னம் தொடங்குகிறது, பின்னம் முடிகிறது என்று இரண்டு கதவையும் சொல்லிவிடுவது. உங்கள் மாணவர் கேட்ட திறக்கிற கதவு அதுதான்.

அடுத்தது நம் ஊர்க்காரர் ஒருவர், அதாவது இந்தியர். டி.வி. ராமன், புனேயில் பிறந்தவர். பதினான்கு வயதில் பார்வை போனது. பம்பாய் ஐஐடியில் படித்து, 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாங்கினார். ஆய்வே கணிதத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்தான். பெயர் ஆஸ்டர், அவருடைய வழிகாட்டி நாயின் பெயர். அடுக்குக்குறி வந்தால் குரல் கொஞ்சம் மேலே ஏறும், கீழ்க்குறி வந்தால் இறங்கும். அதைவிட முக்கியமானது, கேட்பவர் மரத்தில் ஏறி இறங்கலாம். பின்னத்தின் மேல்பகுதியை மட்டும் சொல், அதற்குள் இரண்டாவது உறுப்பை மட்டும் சொல் என்று கேட்கலாம்.

ராமனுக்கு இது எப்படி முடிந்தது? கணிப்பொறி அறிஞர் டொனால்ட் நூத் செய்துவைத்த டெக் என்ற அச்சு மென்பொருள் இருந்ததால். நூத் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1977இல் தன் புத்தகத்தின் அச்சுப்படி அசிங்கமாக வந்ததைப் பார்த்து மனம் கொதித்து, கணிதத்தை அழகாக அச்சிட ஒரு மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தார். ஒரு வருட வேலை என்று நினைத்தது பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதில் பின்னத்தை வரைவதில்லை. ‘பின்னம், மேலே இது, கீழே இது’ என்று வார்த்தையில் எழுதுவோம். கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காகச் செய்த அந்த ஏற்பாடுதான் கண் தெரியாதவருக்குக் கணிதத்தைப் படித்துச் சொல்லக் கைகொடுத்தது. நூத் சமூக சேவை செய்ய உட்காரவில்லை. அச்சுப்படியைப் பார்த்து எரிச்சல்பட்டார், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் அமைப்புக்கு வருகிறேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் நானும் ஒரு சமூகப் பயன்பாட்டு மென்பொருள் செய்தவன்தான். சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்க் குளம் கன்னடியன் கால்வாயில் பெருகுவது. கடைமடைக்காரர்களுக்கும் தலைமடைக்காரர்களுக்கும் வருடா வருடம் சண்டை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு எத்தனை மரக்கால் விதைப்பாடு, மடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கணக்குப் போட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரம் முறை என்று போனில் காட்டும் செயலி. துல்லியம் என்றால் நிமிஷக் கணக்குத் துல்லியம். கோயில் கொடையன்று ஊர்க் கூட்டத்தில் கைதட்டு வாங்கினோம்.

பத்து நாளில் கடைமடை வயல் வெடித்துவிட்டது. நீர்பாய்ச்சி பெரியவர் வீட்டுக்கு வந்தார். “காஞ்ச வாய்க்கா முதல்ல தான் குடிச்சுட்டுத்தான்வே வயலுக்குத் தரும். அந்தத் தண்ணி உம்ம போன்ல எங்கன இருக்கு?” என்றார். தலைமடைக்காரனுக்கு வாய்க்கால் நனைய நேரம் வேண்டாம். கடைமடைக்காரன் தன் முறையில் பாதியை வாய்க்காலுக்கே கொடுத்துவிடுகிறான். பெரியவர் இத்தனை வருடம் கடைசி ஆட்களுக்குக் கூடுதலாக விட்டதை நாங்கள் பாரபட்சம் என்று நினைத்துச் சரிசெய்திருந்தோம். அதை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம், சூத்திரம் தப்பில்லை. நாங்கள் ஒரு நாள்கூட அவரோடு வாய்க்கால் கரையில் நடக்கவில்லை, அதுதான் தப்பு.

விவசாயம், மருத்துவம் என்று நீங்கள் எழுதிய இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த வெடித்த வயல்தான் தெரிந்தது. பார்வையற்ற மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தார், ‘இது’ எது என்று கேட்டார், நீங்கள் உட்கார்ந்தீர்கள். விவசாயத்தில் உங்களை யார் என்ன கேட்டார்கள்?

வேலையை விடுவதைப் பற்றி. விட்டவர்களும் உண்டு. சேஜ் என்ற கணித மென்பொருளை 2005இல் தொடங்கிய வில்லியம் ஸ்டைன் எண் கோட்பாட்டுப் பேராசிரியர், பின்னால் நிரந்தரப் பதவியை விட்டுவிட்டு மென்பொருளுக்கே போய்விட்டார். விடாதவர்களும் உண்டு. டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்று இரண்டு கணிதப் பேராசிரியர்கள், இலக்கியமும் வரலாறும் படிக்கிற மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்று 1964இல் பேசிக் என்ற எளிய நிரல்மொழியைச் செய்தார்கள். கல்லூரியில் இருந்துகொண்டேதான். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. கொள்கையெல்லாம் இல்லை. அடுத்த மாணவர் வந்து சேரப்போவது உங்கள் வகுப்பில்தான், அமைப்பின் அலுவலகத்தில் இல்லை. அப்புறம் மாதச் சம்பளம். மென்பொருள் ஒருமுறை செய்து வைத்துவிடுகிற பத்தமடைப் பாய் இல்லை, வருடா வருடம் செப்பனிட வேண்டிய குளத்தங்கரை. நன்கொடையில் ஓடுகிற அமைப்பு மூன்றாவது வருடம் கரையைப் பார்க்காது, அறிக்கைதான் எழுதிக்கொண்டிருக்கும்.

கட்டுரை எழுதவில்லை என்ற கவலைக்கு என்னிடம் மருந்து இல்லை. பதவி உயர்வுக் கமிட்டிகளுக்கு மென்பொருளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது, அது உங்களுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். தாங்க முடிகிற நஷ்டமா என்பதை வீட்டில் கேளுங்கள், அவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மென்பொருளுக்கு முன்னால் ஒரு தாள் வேலை இருக்கிறது. பரீட்சையில் உங்கள் மாணவர் சொல்லச் சொல்ல எழுதுகிற ஸ்கிரைப், பெரும்பாலும் கணிதம் படிக்காத பிள்ளை. என் பேத்தி எழுதிய மாதிரிதான் எழுதும். மாணவருக்குத் தெரிந்திருந்தும் மார்க் போய்விடும். இதற்கு நிரல் வேண்டாம். பின்னத்தை எப்படிச் சொல்வது, மூலத்தை எங்கே மூடுவது, ‘ஹோல்’ எங்கே தொடங்குவது என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஸ்கிரைப்போடு அரை மணி நேரம் பழகிப் பார்த்தால் போதும். அதை அடுத்த வாரமே செய்யலாம். உங்கள் நிரலும் பிறகு அந்தத் தாளைத்தான் பின்பற்ற வேண்டும்.

இன்னொன்று. கல்லூரி வினாத்தாளை நிரலில் போட்டால் உளறுகிறது என்றார் அவர். கோளாறு உங்கள் நிரலில் இல்லை. தட்டச்சு செய்பவர் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கிற யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் அறிவிப்பு அந்த மேசை வரை வந்து சேரவில்லை. சமன்பாடுகளைப் படமாக ஒட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு காபி வாங்கிக் கொடுத்து அவரைப் பழக்கிவிட்டால் உங்கள் ஆறு மாத வேலை மிச்சம்.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான விஷயம். உங்கள் மென்பொருள் நன்றாக இருக்கிறது என்று அவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். என்னிடம் முதலில் அதையேதான் சொன்னார். இரண்டாவது டீக்கு மேல்தான் வாய் திறந்தார். “ஒரு வரியை ஆரம்பிச்சா முடிவு வரைக்கும் சொல்லிட்டுத்தான் நிக்கும் சார். பாதியில விட்டுட்டா மறுபடி முதல்ல இருந்து. போர்டுல ஒரு கணக்கை நீங்க எத்தனை தடவை திரும்பிப் பாப்பீங்க?” டெய்லர் பலகையில் அந்த இடது கை விரல் செய்கிற வேலைக்கு உங்கள் நிரலில் இடமில்லை. ராமன் மரத்தில் ஏறி இறங்க வழி வைத்தது அதற்குத்தான். இதைச் சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ராத்திரி எல்லாம் முழிச்சிருந்து செஞ்சிருக்காவ. அவங்ககிட்ட எப்படிச் சொல்ல?” என்றார்.

காசு கொடுத்து வாங்கிய சாமானாக இருந்தால் முதல் நாளே திட்டியிருப்பார். நீங்கள் உபகாரம் செய்ததால் இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டார். அமைப்பு என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் இன்னும் பத்துப் பேர் இப்படியே பொறுத்துக்கொள்வார்கள். அவரை உங்களோடு வேலை செய்பவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு சின்னத் தொகை கொடுத்தே. தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டால் வாய் கூசாது.

அதுவரை நான் நடுவில் நிற்கிறேன். அவர் சொல்லச் சொல்லப் பதினொரு குறைகள் எழுதி வாங்கியிருக்கிறேன், தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பத்து, மென்பொருளைப் பற்றியவை. பதினொன்றாவது, நீங்கள் வகுப்பில் இன்னமும் வாரத்துக்கு ஒருமுறையாவது ‘இது’ என்கிறீர்களாம்.

அன்புடன்,
அண்ணாச்சி